இறைச்சி விட்ட நாற்பது நாள்

நான் எதையும் முடித்தவன் இல்லை. கடல் ஊருக்குள் வந்த வருடம் கல்முனையில் எங்கள் வீடு போனது. ஏழாம் வகுப்போடு என் படிப்பும் போனது. அதன் பிறகு அக்கரைப்பற்றில் அரிசிக் கடையொன்றில் மூட்டை தூக்கினேன். சவளக்கடைப் பக்கம் வெள்ளாமை வெட்டினேன். இரண்டு வருடம் என்று கட்டாருக்குப் போய்ப் பதினொரு மாதத்தில் திரும்பி வந்தேன். யாரும் துரத்தவில்லை. எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது, அவ்வளவுதான். பூசைக்குப் போவதும் அப்படித்தான். நாலு ஞாயிறு தொடர்ந்து போவேன், பிறகு நாலு மாதம் மாதா கோயில் பக்கமே போக மாட்டேன்.

இப்போது மருதமுனையில் ஒரு கைத்தறிப் பட்டறையில் நூலுக்குச் சாயம் போடுகிறேன். முதலாளி முஸ்லிம். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன், அக்காவைக் கூப்பிடுவது போல அவருடைய மனைவியை ராத்தா என்று. அவர்களுடைய வீட்டுக்குப் பின்னால் பட்டறை. பட்டறையின் ஓரத்தில் எனக்கு ஒரு அறை தந்திருக்கிறார்கள்.

சென்ற வருடம் அவர்களுடைய நோன்பும் எங்களுடைய தவக்காலமும் ஏறக்குறைய ஒன்றாகத் தொடங்கின. விபூதிப் புதன் காலையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நின்றபோது, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இறைச்சி தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். பெரிய தியாகம் ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு மாட்டிறைச்சி என்றால் உயிர். தொடங்கியதில் ஒன்றையாவது முடிக்கிறேனா என்று பார்க்க ஆசையாக இருந்தது. நோன்பை ஊருக்குக் காட்டிக்கொண்டு திரியக் கூடாது என்று பாதர் அன்று பிரசங்கத்தில் சொன்னார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

பட்டறைக்குப் போனதும் காக்கா என் நெற்றியைப் பார்த்தார்.

"என்ன தம்பி, அடுப்புக்குள்ள தலைய வச்சயா?"

"ஓம் காக்கா, அடுப்புத்தான்" என்று சொல்லித் துடைத்துவிட்டேன்.

சிக்கல் பின்னேரம் வந்தது. நோன்பு திறக்கிற நேரம் ராத்தா எனக்கும் ஒரு கோப்பை கஞ்சி அனுப்புவார். தேங்காய்ப் பால் விட்டு, இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டுக் காய்ச்சிய கஞ்சி. அதன் வாசம் கஞ்சிக்கு முன்னமே அறைக்கு வந்துவிடும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் ஊருக்குக் காட்டினதாகிவிடும். ஆகவே வாங்கி, பள்ளிவாசலில் பாங்கு சொல்லி எல்லோரும் உள்ளே போனதும், பின்னால் சாயத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் ஊற்றினேன். மூன்று நாள் அப்படிச் செய்தேன். நாலாம் நாள் கஞ்சி வரவில்லை. காக்கா வந்தார்.

"தம்பி, உண்மையச் செல்லு. எங்கட ஊட்டுக் கஞ்சி ஒனக்கு இறங்குதில்லயா?"

"அப்பிடியில்ல காக்கா."

"பொறகு? வாய்க்காலுக்குள்ள காகம் இறைச்சி பொறுக்கித் திண்ணுதாம். ராத்தா பாத்திரிக்கா. நோன்போட நிண்டு, உப்புக்கூட நாக்கில வச்சிப் பாக்காமக் காய்ச்சின கஞ்சிடா அது."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நான் அன்றே பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். அது எனக்குப் பழகின வேலை. அவர் முகம் வாடிப்போய் நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

காக்கா சிரித்தார். "அட மடையா, இதுக்கா ஒளிச்ச? நாங்க முப்பது பிடிக்கிற, நீ நாப்பது பிடிக்கிறயா!" வீட்டுப் பக்கம் திரும்பி, "இஞ்ச, கேட்டயா? நம்மட தம்பியும் நோன்பாம்!" என்று கத்தினார்.

"தண்ணி குடிக்கலாமா அவருக்கு?" என்று உள்ளேயிருந்து ராத்தா கேட்டார்.

"குடிக்கலாமாம். மீனும் திங்கலாமாம்."

"மீனும் திங்கலாமா? அப்ப அது என்ன நோன்பு?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த நாளிலிருந்து, இறைச்சி போடுமுன் ஒரு சின்னச் சட்டியில் எனக்குக் கஞ்சி தனியாக எடுத்து வைத்தார் ராத்தா. பாங்கு சொல்லும்போது நானும் அவர்களோடு இருந்து குடித்தேன்.

அந்த நாட்களில் எனக்கு இருந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நூலைச் சாயத்தில் எத்தனை தரம் முக்குகிறோம் என்பதில் எண்ணிக்கை பிசகக் கூடாது. பிசகினால் ஒரு கட்டு நூல் ஒரு நிறம், அடுத்த கட்டு வேறு நிறம். நான் ஒன்று இரண்டு என்று எண்ணுவதை விட்டு, செபமாலை சொல்வது போலப் பத்துப் பத்தாக, ஒவ்வொரு முக்குக்கும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்கினேன். கை முழங்கை வரை நீலமாக இருக்கும், கண் எரியும், முதுகு வலிக்கும். ஆனாலும் வேலை முடியும்போது பூசை முடிந்து வந்தவன் போல இருந்தேன். யாரோ பக்கத்தில் நின்று கூடவே எண்ணுவது போல இருந்தது. வேறு ஊர் போகும் நினைப்பு வரவில்லை.

அவர்களுடைய நோன்பு முடிந்து பெருநாள் வந்தது. எனக்கு இன்னும் மூன்று கிழமை, இருபது நாளளவு, இருந்தது. தொழுகை முடிந்து வந்த காக்கா நேரே என் அறைக்கு வந்தார்.

"இண்டைக்கு உன்ட நோன்ப விடு. பெருநாளில நோன்பு பிடிக்கிற ஹறாம்."

"அது உங்களுக்கு, காக்கா."

"ஹறாமெண்டா எல்லாருக்கும் ஹறாம்தான். ஒரு நாள் திண்டுட்டு நாளைக்குப் பிடி."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. என்மேல் பாவம் வந்துவிடும் என்று உண்மையாகவே பயந்தார். சாப்பிட்டால் நான் பழையபடி பாதியில் விட்டவன். சாப்பிடாவிட்டால் அவருடைய பெருநாளில் அவர் வீட்டுச் சோற்றைத் தட்டினவன். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பின்னால் வீட்டுக்குப் போனேன்.

சஹன் வந்தது. ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு அது. காக்கா, அவருடைய தம்பி, இரண்டு மருமக்கள், பக்கத்து வீட்டுக்காரர், நான். நெய்ச்சோற்றின் மேல் சுற்றிவர இறைச்சி. என் பக்கம் மட்டும் இரண்டு துண்டு பொரித்த மீன். அடுப்படியிலிருந்து ராத்தாவின் குரல் கேட்டது.

"மீன் இரிக்கிற பக்கம் தம்பிக்கு. வேற ஆரும் கை வைக்கப்படா."

"ஹறாமெண்டு செல்லிட்டு வாறன், நீ மீன் பொரிக்கிறயே!" என்றார் காக்கா.

"அவர் பட்டினி கிடக்கல்லயே, திங்கத்தானே போறாரு? மற்றது அவருக்கும் ஆண்டவனுக்கும் உள்ள கதை. நீங்க உங்கட பக்கத்தத் திண்ணுங்க."

காக்கா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு சஹனுக்கு முன்னால் உட்கார்ந்தார். இளைய மருமகன் என் மீனைப் பார்த்து, "மாமி, அடுத்த பெருநாளைக்கு நானும் தம்பிட வேதத்துப் பக்கம் இரிக்கன்" என்றான். காக்கா அவன் தோளில் ஒன்று போட்டார். அவர்கள் பிஸ்மி சொன்னார்கள். நான் மனதுக்குள் சிலுவை போட்டேன். ஆறு கையும் ஒன்றாகச் சோற்றில் இறங்கின.

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசையில் அல்லேலூயாவை எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினேன். நாற்பது நாள். முதல் தடவையாக ஒன்றை முடித்திருந்தேன். பூசை முடிந்ததும் சைக்கிளை மிதித்து நேரே மருதமுனைக்கு வந்தேன். ராத்தா வாசல் கூட்டிக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது ராத்தா. இண்டைக்கு இறைச்சி திங்கலாம்."

அவர் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டார். "அல்லாவே! முந்தியே செல்லியிருக்கப்படாதா? இண்டைக்கு ஊட்டில பருப்பும் முருங்கயிலயும்தானே!"

காக்கா உள்ளேயிருந்து சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. "நாப்பது பொறுத்தவன் நாப்பத்தொண்டும் பொறுப்பான். சோத்தப் போடு அவனுக்கு."

பருப்பு நன்றாக இருந்தது. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன்.