அக்னி மூலைக் கணக்கு

ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு கான்கிரீட், எவ்வளவு கம்பி என்று கணக்குப் போடுவது என் வேலை. மொத்தமாக ஒரே தொகையாகக் கொடுத்தால் போதும் என்பார்கள் ஃபேர்லேண்ட்ஸிலுள்ள எங்கள் ஆபீசில். நான் கேட்கமாட்டேன். தளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துத்தான் போடுவேன். வரைபடத்தில் அந்தப் பகுதிகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் இருக்கும். சைட்டில் அதை யாரும் சீண்டமாட்டார்கள். அதனால் என் கணக்கிலும் கன்னி மூலை, ஈசானி மூலை, வாயு மூலை, அக்னி மூலைதான். சைட் இன்ஜினியர் என்னை ஜோசியக்காரி என்றே கூப்பிடுவார்.

திருச்செங்கோடு பக்கம் ஒரு கல்யாண மண்டபம். அன்று சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூரைத்தளம் போட்டுக்கொண்டிருந்தோம். தளம் போடும் நாளில் ஆட்களுக்குக் கறிச்சோறு போடுவது வழக்கம். சமையல் தென்கிழக்கில், அக்னி மூலையில்தான் நடக்கவேண்டும் என்று மண்டபத்துக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். அங்கே நிழல் என்றால் நாங்கள் கான்கிரீட் கொட்டப்போகும் பலகைகளுக்கு அடியில்தான். பலகையைத் தாங்கி நிற்கும் இரும்பு ஜாக்கிகளுக்கு நடுவே அடுப்பை வைத்துவிட்டார்கள். வேண்டாம் என்று நானும் சொன்னேன், இன்ஜினியரும் சொன்னார். சாஸ்திரத்துக்கு முன்னால் சம்பளக்காரன் பேச்சு எடுபடுமா?

மற்ற மூன்று மூலைகளும் கணக்குப்படி முடிந்தன. அக்னி மூலைக்கு மூன்று வண்டி கான்கிரீட் என்று போட்டிருந்தேன். மூன்றாவது வண்டி காலியான பிறகும் கால்வாசி இடத்தில் கம்பி தெரிந்தது. ஜோசியம் பொய்த்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே இன்ஜினியர் இன்னொரு வண்டிக்குப் போன் செய்தார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூன்று இடத்தில் தப்பாத கணக்கு இங்கே மட்டும் ஏன் தப்புகிறது? கான்கிரீட்டின் மேல்மட்டம் நூல் பிடித்தாற்போல் இருந்தது; எங்கும் கனமாகப் போட்டுவிடவில்லை. அப்படியானால் அடிப்பலகை இறங்குகிறது.

கான்கிரீட் ஏற்றும் பம்பை நிறுத்தச் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் தளம் ஒட்டாமல் பின்னால் மழைக்கு ஒழுகும் என்று இன்ஜினியர் கத்தினார். ஒழுகட்டும் என்றேன். மேஸ்திரி எங்கள் சண்டைக்குக் காத்திருக்கவில்லை; ஆட்களை அந்த மூலையிலிருந்து நகர்த்தினார். நான் சாரத்தில் இறங்கிக் கீழே ஓடினேன்.

காலையிலிருந்து அரிசி களைந்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் புதிதாகக் கொட்டி நிரப்பிய மண்ணில் ஊறியிருந்தன. அந்தச் சேற்றில் ஜாக்கிகள் புதைந்து சாய்ந்திருந்தன. மேலே பலகை வயிறு தள்ளி நின்றது. அதற்கு நேர் கீழே சோற்று அண்டா.

வெளியே வாருங்கள் என்று அலறினேன். சமையலில் கூடமாட வேலை செய்த இரண்டு பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். சமையல்கார அம்மா மட்டும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்தார். வெளியே இருந்த அடுப்பு கேஸ் சிலிண்டரை நான் மூடியதும் அவர் முகம் மாறியது. சட்டென்று திரும்பினார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"கைய உடுங்க சாமி. சோறு கொழஞ்சு போயிரும், வடிச்சுப்போட்டு வாரனுங்க."

தளம் விழப்போகிறது என்று சொன்னேன். இத்தனை பேர் பசியோடு நிற்கிறார்கள், ஒரு நிமிடம்தான் என்றார். அண்டா தூக்கிப் பழகிய கை. என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடந்தது. அதற்கு முன் அவரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் விடவில்லை. குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டு, திட்டினாலும் பரவாயில்லை என்று இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அவர் திட்டவும் செய்தார்.

முதலில் ஒரு ஜாக்கி சாய்ந்து விழுந்தது. அடுத்த மூச்சில் அந்த மூலை முழுவதும் கம்பியும் பலகையுமாகக் கீழே வந்தது. ஈரக் கான்கிரீட் எங்கள் இருவர் காலிலும் தெறித்தது. அண்டா இருந்த இடமே தெரியவில்லை.

மேலே இருந்தவர்கள் எல்லோரும் பத்திரம் என்று மேஸ்திரி குரல் கொடுத்தார். அப்போதுதான் பிடியைத் தளர்த்தினேன். அந்த அம்மா என் கையை எடுக்க விடவில்லை. விழுந்து கிடந்ததைப் பார்த்தபடியே, தன் இன்னொரு கையை என் கைமேல் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.