தொங்கிக்கொண்டிருந்த நூல்

இந்த வாரம் வெங்காய விலையைப் பற்றி எழுதலாம் என்றிருந்தேன். வெங்காயம் விளைகிற சண்டிலிப்பாயில் இருந்துகொண்டு அதைப் பற்றி எழுதாவிட்டால் எப்படி? ஆனால் போன சனிக்கிழமை நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதைச் சொல்லாமல் வெங்காயத்துக்குள் ஒளிந்துகொள்வது சரியில்லை.

ஒரு நூலை வெட்டினேன். அவ்வளவுதான். ஒரு சாண் நீளம்தான்.

என் மகள் ஆரணி பத்தாம் வகுப்பு. அவளும் இன்னும் நான்கு பிள்ளைகளும் சேர்ந்து ஒரு போட்டிக்கு ஆயத்தமானார்கள். பாட்டு, பேச்சு, கட்டுரை இல்லை. ஒரு பிரச்சினையைக் கொடுப்பார்கள். குழுவாகச் சேர்ந்து, வீட்டில் கிடக்கும் பழைய சாமான்களை வைத்து, புதிதாக யோசித்துத் தீர்க்க வேண்டும். மாகாணத்தில் முதல் மூன்று இடம் வருகிற குழுக்கள் கொழும்புக்குப் போகும்.

இந்தத் தடவை கொடுத்த பிரச்சினை இது. தரையில் மூன்று மீற்றர் அகலத்துக்கு ஓர் ஆறு கீறியிருப்பார்கள். இக்கரையிலும் அக்கரையிலும் ஒவ்வொரு கம்பம். நடுவில் கயிறு. இக்கரையிலிருந்து ஒரு பை பயற்றை அந்தக் கயிற்றில் அனுப்பி, அக்கரையில் இருக்கிற சட்டிக்குள் கொட்ட வேண்டும். ஆற்றுக்குள் கால் வைக்கக்கூடாது. அக்கரையில் ஆள் நிற்கக்கூடாது. எட்டு நிமிடம்.

கேட்கவே எனக்கு நெஞ்சு அடித்தது. எனக்கு எதைக் கேட்டாலும் நெஞ்சு அடிக்கும் என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

போட்டியில் இன்னொரு விதியும் உண்டு. பெரியவர்கள் கை வைக்கக்கூடாது. கை மட்டுமில்லை, யோசனையும் சொல்லக்கூடாது. 'இப்படிச் செய்து பாரன்' என்று ஒரு சொல் வந்தாலும் அது வெளியார் உதவி. படிவத்தில் பிள்ளைகளே கையெழுத்து வைக்க வேண்டும் — முழுவதும் எங்கள் கையால், எங்கள் மூளையால் செய்தது என்று.

பயிற்சி எங்கள் வீட்டுப் பின் ஷெட்டில். முதல் நாளே குழுத் தலைவி மெர்சி என்னிடம் வந்தாள். பாதிரியார் வீட்டுப் பிள்ளை. பணிவாகத்தான் சொன்னாள், ஆனால் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி இருந்தது. தேத்தண்ணியை வாசலில் வைத்துவிட்டுத் தட்டினால் போதுமாம். உள்ளே வந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வாய் வரும், அது எனக்கும் கஷ்டம், தங்களுக்கும் கஷ்டமாம்.

நான் ஒத்துக்கொண்டேன். ஆறு கிழமை, ஒன்றரை மாதம். வாசலில் தட்டத்தை வைப்பேன், தட்டுவேன், திரும்பிவிடுவேன். உள்ளே தடாரென்று ஏதோ விழும். சிரிப்பார்கள். ஒருத்தி 'ஐயோ' என்பாள். ஐந்து பேருடைய கை காலும் முழுசாக இருக்கிறதா என்று பார்க்கக்கூட முடியாது. வாய் திறக்கவில்லை. என் கணவர், இவருக்கே அதிசயமாக இருந்தது. "உமக்குள்ளை இவ்வளவு கட்டுப்பாடு இருக்கெண்டு பதினெட்டு வருசமா எனக்குத் தெரியாமல் போச்சு" என்றார்.

போட்டி சனிக்கிழமை. அன்று விடியற்காலை சிரட்டை எடுக்க ஷெட்டுக்குப் போனேன். உண்மையாகவே சிரட்டைக்குத்தான். சுவரில் ஓர் ஆணி. ஆணியில் அந்தப் பை.

கோதுமை மாப் பைத் துணியில் தைத்தது. எடுத்துப் பார்த்தேன். நான் தையல்காரி... துணியைக் கண்டால் கை நீளும். பக்கத் தையல் இரண்டும் பரவாயில்லை. அடித் தையலைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. பெரிய பெரிய கண்ணியாக, சங்கிலி மாதிரி ஒரே ஒரு ஓட்டம். முடிச்சுப் போடவில்லை. நூலின் நுனி அப்படியே ஒரு சாணுக்குத் தொங்குகிறது!

ஒரு கிலோ பயறு இதற்குள். கயிற்றில் நடு ஆற்றில் போகும்போது அடி பிரிந்தால்? இத்தனை பேர் முன்னால்? ஆறு கிழமை உழைப்பு?

யாரையும் எழுப்பவில்லை. மெசினில் போட்டு இரண்டு ஓட்டம் இறுக்கி ஓட்டினேன். தொங்கின நூலைக் கத்தரித்தேன். நூல் நிறம்கூடப் பார்த்துப் போட்டேன். திரும்பவும் அதே ஆணியில் கொழுவிவிட்டு, சிரட்டையோடு வந்து அடுப்பை மூட்டினேன். ஆறு கிழமைக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன்.

போட்டி யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். பெற்றோருக்குப் பின் வரிசைக் கதிரைகள். எங்கள் பிள்ளைகளுடைய முறை பதினொரு மணி போல வந்தது. மணி அடித்தது, எட்டு நிமிடம் ஓடத் தொடங்கியது. மெர்சி பயற்றைப் பையில் கொட்டினாள். ஆரணி ஒரு பட்டம் நூல் கட்டையோடு பைக்குக் கீழே குனிந்தாள்.

குனிந்தவள் நிமிரவில்லை.

பையைத் திருப்பினாள். அடியைத் தடவினாள். மற்றப் பக்கம் திருப்பினாள். எதையோ தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. என்னத்தைத் தேடுகிறாள் என்று தெரிந்தபோது கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் அரிசி மூட்டை பிரித்திருப்பீர்கள்தானே? வாயைத் தைத்திருக்கிற நூலில் சரியான நுனியைப் பிடித்து ஓர் இழுவை. சர்ர்ர்... என்று முழுத் தையலும் கழன்று வரும். கத்தி தேவையில்லை, கத்தரிக்கோல் தேவையில்லை. என் பிள்ளைகள் பிடித்தது அந்த உத்தியை. பை அக்கரைக்குப் போகும். சட்டிக்கு மேலே நிற்கும். இக்கரையிலிருந்து பட்டம் நூலை இழுத்தால் அடித் தையல் கழன்று பயறு கொட்டும். அந்தப் பட்டம் நூலைக் கட்டுவதற்காகத்தான் ஒரு சாண் நூலைத் தொங்க விட்டிருக்கிறார்கள்.

பிழை என்று நான் நினைத்ததுதான் அவர்களுடைய கண்டுபிடிப்பு.

அரிசி மூட்டை பிரிக்காதவளா நான்? வாழ்நாள் முழுக்கப் பிரித்திருக்கிறேன். ஆனால் தையல்காரியின் கண்ணுக்குத் தொங்குகிற நூல் என்றால் வெட்ட வேண்டிய நூல். வேறொன்றும் தெரியாது.

எழுந்து நின்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. கதிரையிலிருந்து ஒரு சொல் வந்தாலும் வெளியார் உதவி. குற்றத்தை ஒப்புக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. இவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். என்னப்பா என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன்.

ஐந்து பேரும் தலையைச் சேர்த்துக் கதைத்தார்கள். அவர்கள் கொண்டு வந்த சாமான் பட்டியலில் கத்தரிக்கோல் இல்லை. தர்சிகா என்றொரு பிள்ளை. மயிலிட்டிப் பக்கத்து ஆட்கள், தகப்பன் கடலுக்குப் போகிறவர். அவள்தான் பையைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள். பையின் வாயைக் கட்டினாள். தோணியைக் கரையில் கட்டுகிற மாதிரி ஒரு முடிச்சு — எவ்வளவு பாரத்தையும் தாங்கும், நுனியை இழுத்தால் அவிழும். அந்த நுனியில் பட்டம் நூல். அடிப் பக்கத்து இரண்டு மூலையிலும் கம்பிக் கொக்கியைக் குத்திக் கயிற்றில் கொழுவினார்கள். வாய் கீழே, அடி மேலே.

பை போனது. என் தையல் நன்றாகத்தான் தாங்கியது, அதை என்ன சொல்ல. சட்டிக்கு மேலே வந்ததும் ஆரணி இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. பை ஆடியதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சட்டிக்குள் விழுந்தது, மிச்சம் மண்டபமெல்லாம் உருண்டது. மணி அடித்தது. நல்ல கைதட்டு.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதை வேறு.

நடுவர் ஓர் இளம் மனிதர். கையில் பிள்ளைகள் முன்கூட்டியே கொடுத்த வரைபடம். அதில் பையின் அடி திறப்பதாக இருக்கிறது. செய்து காட்டியது வேறு மாதிரி. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டார். சாதாரணமான கேள்வி. 'இன்னும் நல்ல வழி கிடைத்தது சேர்' என்று சொன்னால் முடிந்தது. நான் மனசுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், சொல்லு பிள்ளை, சொல்லு பிள்ளை என்று...

மெர்சி ஆரணியைப் பார்த்தாள். ஆரணி பையைப் பார்த்தாள்.

"அடித் தையலை மெசினிலை பூட்டியிருக்கு சேர். அது நாங்கள் தைச்சதில்லை."

"அப்ப ஆர் தைச்சது?"

ஆரணி என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "எங்கடை அம்மா" என்றாள்.

பின் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. எந்த அம்மா என்று அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. என் முகமே சொல்லியிருக்கும்.

மத்தியானம் முடிவு சொன்னார்கள். நான்காம் இடம். வெளியார் உதவிக்காகப் புள்ளி வெட்டப்பட்டது, வெட்டாவிட்டால் இரண்டாம் இடம் என்று குழுவுக்குப் பொறுப்பான ரீச்சர் வந்து மெதுவாகச் சொன்னா. கொழும்பு இல்லை.

என்னால் இருக்க முடியவில்லை. இவர் "இருமப்பா, இருமப்பா" என்று சேலைத் தலைப்பைப் பிடிக்கப் பிடிக்க நேரே நடுவரிடம் போனேன். பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டவள் நான். படித்தவர்கள் முன்னால் நின்று கதைக்க நாக்கு ஒட்டும். அன்றைக்கு ஒட்டவில்லை.

"சேர், அது உதவி இல்லை. நான் கெடுத்தது. கெடுத்ததுக்கு ஏன் பிள்ளையளின்ரை புள்ளியை வெட்டுறியள்?"

அவர் பொறுமையாகக் கேட்டார். என்னைப் போல எத்தனை தாய்மாரைக் கண்டிருப்பாரோ.

"அம்மா, உதவியெண்டாலும் உபத்திரவமெண்டாலும் எங்கடை படிவத்திலை ரெண்டுக்கும் ஒரே கட்டம்தான்."

வீட்டுப் படிவத்தில் மட்டும் வேறு வேறு கட்டமா இருக்கிறது? பிள்ளைக்குச் செய்கிறோம் என்று செய்வதில் எது எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று நாங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறோமா?

திரும்பி வரும்போது வான் வண்டியில் நான் முன் இருக்கையில், கழுத்தைத் திருப்பாமல் இருந்தேன். பின்னால் அழுகை வரும், ஏச்சு வரும், ஆரணியோடு கதைக்காமல் விட்டுவிடுவார்கள் என்று பயந்து, தெல்லிப்பழை வைத்தியசாலையில் பிறந்த நாளிலிருந்து அவளுக்கு வந்த துன்பங்களையெல்லாம் கணக்கெடுத்துக்கொண்டு வந்தேன். பின்னால் நடந்தது வேறு. பை ஆடாமல் நிற்க என்ன செய்திருக்கலாம் என்று கோண்டாவில் தொடக்கம் சண்டிலிப்பாய் வரை விவாதம். ஒரு கொக்கி கூடப் போட்டிருக்கலாம் என்று மெர்சி. அடியில் கல்லுக் கட்ட வேண்டும் என்று தர்சிகா. அப்ப பயறு எதுக்கு, கல்லையே அனுப்பலாமே என்று இன்னொருத்தி. ஒரே சிரிப்பு.

கொழும்பைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அது எனக்கு ஏச்சைவிடச் சுட்டது.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிய பிறகு ஆரணி குசினி வாசலில் வந்து நின்றாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கினால் காரணம் சொல்லத் தேவையில்லாத வேலை. மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்கள் என்னைக் கேட்டிருக்கலாம்தானே அம்மா."

சொல்லக்கூடாதென்றுதானே பிள்ளை விதி, என்றேன்.

"சொல்லத்தான் கூடாது. கேட்கக்கூடாதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. உந்த நூல் ஏன் தொங்குதெண்டு ஒரு கேள்வி. நாங்கள் ஆசையாச் சொல்லியிருப்பம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

இரண்டு நாளாக யோசித்தேன். வாய் திறக்கக்கூடாது என்ற விதியை ஆறு கிழமை காத்தவள், கை வைக்கக்கூடாது என்ற விதியை ஏன் ஒரு காலையில் உடைத்தேன்? ஏனென்றால் எனக்குக் கேட்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யுத்தத்தில் இடம்பெயர்ந்து போன இடத்தில் பள்ளிக்கூடக் கொப்பி மூடியது மூடியதுதான். அதற்குப் பிறகு நான் யாரிடமும் 'இது ஏன்' என்று கேட்டதில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். பாங்கில் கேட்கமாட்டேன், வைத்தியரிடம் கேட்கமாட்டேன். கேட்பதற்குப் பதிலாகக் கவலைப்படுவேன். கவலை முற்றினால் கத்தரிக்கோலை எடுப்பேன்.

படித்த தாய் தகப்பனும் இதைத்தான் செய்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கீரிமலைப் பக்கத்துக் குழு ஒன்றில் ஒரு பொறியியலாளர் தகப்பன், கயிற்றில் ஓட மகன் செய்த வண்டிச் சில்லை இரவோடிரவாக மாற்றிவிட்டாராம். அந்தப் பிள்ளைகள் நடுவரிடம் சொல்லவில்லையாம். அவர்களுக்கு மூன்றாம் இடம். எனக்கு அதைக் கேட்டுக் கோபம் வரவில்லை. அந்தத் தகப்பன் இப்போது எப்படித் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் ஐந்து சைக்கிளும் வாசலில் நின்றன. அடுத்த வருடத்துக்கு இப்போதே தொடங்குகிறார்களாம். வேறு யாருடைய வீட்டுக்கும் போகவில்லை, அதே ஷெட். நான் தட்டத்தை வாசலில் வைத்தேன், தட்டினேன். திரும்பி வராமல் நின்றேன்.

"பிள்ளையள், ஒரு கேள்வி கேட்கலாமோ?"

கதவு திறந்தது. மேசையில் இருந்தது என்னவென்று கேட்டேன். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள். அரை மணித்தியாலம் நின்றேன். பாதிக்கு மேல் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொன்னேன். திரும்பவும் சொன்னார்கள்.

மறுநாள் கடைக்குப் போய் ஷெட்டுக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கி, ஒரு சாவிகூட எனக்கு வைக்காமல் இரண்டு திறப்பையும் மெர்சியின் கையில் கொடுத்தேன் — இதை அவர்கள் வெளியார் உதவி என்று எழுதினால் நான் கையெழுத்து வைப்பேன்.