மாதா ஒட்டிக்கொண்ட மேசை

அந்தோனியார் கோயிலில் ஜொனி ஐயா உட்காரும் கடைசி வாங்கு கொஞ்சம் தாழ்ந்தது. முழங்கால் வலியோடு அவர் எழும்பப் படும் பாட்டை டொரதியக்கா பார்த்தார். ஒரு சனிக்கிழமை கோயில் கூட்டப் போனவர், வாங்கின் கால்களுக்கு அடியில் மரத்துண்டு வைத்து அடித்து, அதே நிறத்தைப் பூசிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் ஐயா சுகமாக எழும்பினார். அந்தோனியார் தன் முழங்காலைத் தொட்டுவிட்டதாக மஹய்யாவ ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.  வெகுநாள் கழித்து டொரதியக்கா, பக்கத்து வீட்டுத் தினுஷாவிடம் மட்டும் மரத்துண்டுக் கதையைச் சொல்லி, "அந்தோனியார்தானே எனக்குப் புத்தியக் குடுத்தாரு" என்று சிரித்தார்.

தினுஷா தெல்தோட்டையிலிருந்து கல்யாணம் முடித்து வந்தவள். புருஷன் பிரதீஸுக்குப் பேக்கரியில் வேலை. வாடகை வீட்டில் ஒரு கட்டில், ஒரு பாய், அடுப்பு, அவ்வளவுதான். செபமாலை மாதத்தில் மாதாவின் சிலை, அந்தச் சுரூபம், வீடு வீடாகப் போய் ஒவ்வொரு இரவு தங்கும். தன் வீட்டுக்கும் மாதா வரவேண்டுமென்று தினுஷாவுக்குத் தீராத ஆசை. ஆனால் சுரூபம் வைக்க மேசை இல்லை, வருகிறவர்களுக்குக் கதிரை இல்லை. மாதாவை எப்போது கொண்டுவரலாம் என்று கேட்க வந்தவர்களிடம் "அடுத்த வருஷம் பாப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே போய் அழுதாள்.

டொரதியக்கா கதவைத் தட்டாமலே வந்தார்.

"ஏன் புள்ள, மாதாவ அடுத்த வருஷம் வரச் சொன்னியாமே? அவங்க என்னா, கரண்டு பில்லா?"

"வெறும் வீட்டுக்கு எப்புடிக்கா கூப்புடுறது? சனம் சிரிக்கும்."

"மாட்டுத் தொழுவத்துல புள்ள பெத்தவங்க ஒன் வீட்டப் பாத்தா சிரிக்கப் போறாங்க? வா, ரம்பத்தப் புடி."

ஹாட்வெயார் கடைக்குப் பின்னால், டைல்ஸ் அடுக்கி வந்த பலகைத் தட்டுகள் நனைந்து கிடந்தன. முதலாளியிடம் கேட்டு இரண்டைத் தூக்கி வந்தார்கள். ஆணிகளைப் பிடுங்கி, தட்டி நிமிர்த்தி, அதையே திரும்ப அடித்து மேசையாக்கினார் அக்கா. பழைய டயர்களுக்குக் கயிறு சுற்றி இருக்கை செய்தார்கள். தினுஷாவின் பூனம் சேலை ஒன்று கதவுத் திரையானது. பால்மா டின் பூச்சாடியானது. யாரோ கேற்றுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ட் மேசைக்கு. மாதாவின் நிறமே கிடைத்துவிட்டதென்று அக்காவுக்குப் பெரிய சந்தோஷம். மழையோ விடவில்லை. அக்கா விரலால் தொட்டுப் பார்த்து, "காஞ்சிருச்சு" என்றார்.

மாதா வந்தார். வாசல் வரைக்கும் ஆட்கள் நின்று செபித்தார்கள்.

மறுநாள் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக ஜொனி ஐயா சுரூபத்தைத் தூக்கினார். கூடவே மேசையும் எழும்பியது.

"சேசுவே! மாதாவுக்கு இந்த வீட்ட விட்டுப் போக மனசில்ல!" என்று ஐயா கத்தினார்.

பெண்கள் அப்படியே முழந்தாளிட்டார்கள். ஒருத்தி பாட்டே எடுத்துவிட்டாள். தினுஷாவும் கைகூப்பினாள். என் வீட்டிலா! திரும்பிப் பார்த்தால், டொரதியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்குகிறார்.

"எழும்புங்க, எழும்புங்க. புதுமையும் இல்ல, அற்புதமும் இல்ல. பெயின்ட் காயல. தப்பு என் மேல."

ஜொனி ஐயாவின் மகள் குனிந்து பார்த்தாள். "என்னா மேச இது? எங்க வாங்குனது?"

புதுசாக வந்த பெண்ணின் மானம் போகக் கூடாதே என்று அக்கா பேச்சை மாற்றப் பார்த்தார். தினுஷா முந்திக்கொண்டாள்.

"வாங்கல. கடைக்குப் பின்னால கெடந்த பலக. வீட்டுல ஒண்ணுமில்லனு நான் அழுதேன். அக்கா என் கையில ரம்பத்தக் குடுத்தாங்க."

சிரிப்பு கிளம்பியது. ஆனால் அவள் பயந்த சிரிப்பு அது இல்லை. "அங்க இன்னும் பலக கெடக்கா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தையல் நூலை அடியில் விட்டு இழுத்து, மெதுவாக மாதாவைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு பல வீடுகளில் பலகை மேசை வந்தது. "ஒட்டாததா பாத்துச் செஞ்சு தாங்க" என்று கிண்டல் வேறு.

பிரதீஸுக்கு நீர்கொழும்பில் வேலை கிடைத்தது. லொறியில் மேசையை ஏற்றும்போது தினுஷா சொன்னாள்: "அங்க பெரிய வீடுக்கா. இருக்குற சாமான் ஒரு மூலைக்கும் காணாது."

டொரதியக்கா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். அதன்பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை; அன்று அக்கா கடைசியாகச் சொன்னது இதுதான்:

"காணாட்டி என்னா? மொதல்ல ஆளக் கூப்புடு புள்ள. உக்காருறதுக்கு அப்புறம் செஞ்சுக்கலாம்."