மஞ்சி லைன்

திருப்பதியில் பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு நான் பிளம்பிங் மேஸ்திரி. 'கிரீன் பில்டிங்' என்று சொல்லி விற்றார்கள். கழிவுநீரை எஸ்.டி.பி.யில் சுத்தம் செய்து ஃப்ளஷுக்குத் திருப்பிவிட வேண்டும். அதனால் மாடிக்கு மாடி இரண்டு லைன்: ஒன்று குடிநீருக்கு, மற்றது மறுசுழற்சித் தண்ணீருக்கு. இரண்டாவதில் அடையாளத்துக்கு மஞ்சள் பட்டை அடித்தவன் நானே.

எனக்கு ஊர் எல்லையோரக் குடிபாலா. வீட்டில் தமிழ், சைட்டில் தெலுங்கு. வாயில் இரண்டும் கலந்துதான் வரும். பிளம்பர் ஏழுமலை ஆற்காட்டிலிருந்து என்னிடம் வேலைக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஏழாவது மாடியிலிருந்து போன் போட்டான்.

"மேஸ்திரி, கிச்சன் பாயிண்ட் எதுல குடுக்கறது?"

"மஞ்சி லைன்ல குட்துடுப்பா."

தெலுங்கில் மஞ்சி என்றால் நல்லது. நான் சொன்னது நல்ல தண்ணீர் லைன். அவன் காதில் விழுந்தது மஞ்ச லைன்.

ஒரு லைனை அடைத்து, எந்தக் குழாய் நிற்கிறது என்று பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஹேண்ட்ஓவர் அவசரத்தில் நான் பார்க்கவில்லை. ஜனங்கள் குடிவந்த பிறகும் இரண்டு மாதம் இரண்டு லைனிலும் போர் தண்ணீரே ஓடியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு எஸ்.டி.பி.யை ஓடவிட்டார்கள்.

ஏழாவது மாடியில் ஒரு கர்ப்பிணிக்கு மஞ்சள் காமாலை. மற்றவர்கள் கேன் தண்ணீர் வாங்கினார்கள். அவள் எங்கள் விளம்பரத்தை நம்பிக் குழாயில் பிடித்துக் குடித்திருக்கிறாள். அவள் பிழைத்தாள். ஆறு மாதக் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. அதன் பிறகுதான் குழாயைச் சோதித்து, கிச்சனுக்கு மஞ்சள் பட்டை லைன் போயிருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

மேனேஜர் ராஜமண்ட்ரிக்காரர், தமிழ் தெரியாது. ஏழுமலையிடம், யார் சொல்லி இப்படிக் கொடுத்தாய் என்று தெலுங்கில் கத்தினார். அதை நான்தான் அவனுக்குத் தமிழில் மாற்றிச் சொன்னேன்.

"நீங்கதான மேஸ்திரி மஞ்ச லைன்ல குடுன்னீங்க?" என்றான்.

"ஏமண்ட்டாடு?" என்ன சொல்கிறான் என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

வேலை போகும், போலீஸ் வரும் என்று பயந்தேன்.

"தெலியதண்ட்டாடு சார்," என்றேன். தெரியாது என்கிறான் என்று அர்த்தம்.

ஏழுமலைக்குத் தெலுங்கில் பத்து வார்த்தை தெரியும். அதில் 'தெலியது' ஒன்று. அன்றே அவனை வெளியே அனுப்பினார்கள். பையைத் தூக்கிக்கொண்டு கேட்டருகே என்னிடம் வந்தான்.

"நம்ம பாஷையிலயே சொல்லியிருக்கலாமே மேஸ்திரி. அன்னிக்கும், இன்னிக்கும்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நிறத்தை நம்பாதீர்கள், பைப்பில் எழுதிவையுங்கள். லைனை அடைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தப்பு உங்களுடையது என்றால் அங்கேயே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்ணிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.