சேர்ந்து நிற்காத இருவர்

'அசையாதீங்க' அக்கா, பிறப்பு 1981. நிழற்பட நிலையம் நடத்துபவர். படம் எடுக்குமுன் அந்த ஒரு சொல்லைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்வதால் வந்த பெயர்.

பள்ளியோடு நின்றுபோன படிப்பை மாலைக் கல்லூரியில் தொடர வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குக் கணிதத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். மூன்று முறைதான் எழுதலாம். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இரண்டிலும் காலை வாரியவை, 'எத்தனை விதமாக நிற்கலாம்' என்னும் வரிசைக் கணக்குகளே. குழுப்படம் எடுத்துப் பழகியவர் அல்லவா? ஆட்களை மனத்துக்குள் இடம் மாற்றி நிறுத்தி, ஒவ்வொரு வரிசையாக எழுதிக்கொண்டே போவார். மணி அடித்துவிடும்.

மூன்றாம் தேர்வுக்கு முந்தைய ஞாயிறன்று வீட்டாரைப் படம் எடுக்க அழைத்தார். மாமனார், கணவர், நாத்தனார், ஓரகத்தி, தாம் என ஐவர். கொழுந்தனாருக்கு அன்று வேலை. இரவல் போன குடை கம்பி ஒடிந்து திரும்பிய நாள்முதல், நாத்தனாரும் ஓரகத்தியும் ஆறு மாதமாக முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

"அவ பக்கத்துல நான் நிக்க மாட்டேன் அண்ணி," என்றார் நாத்தனார்.

"நான் மட்டும் தவம் கிடக்கிறேனாக்கும்!" என்றார் ஓரகத்தி.

நகர்த்தி நகர்த்தி அக்கா சலித்துப்போனார். "இவங்க சேராம நிக்க எத்தனை வழிதான் இருக்கு?"

மாமனார் சிரித்தார். "சேராத வழியை ஏம்மா தேடுற? ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டிப் போடு. வேலை முடிஞ்சுது."

அக்காவுக்குப் பொறி தட்டியது. கட்டிவிட்டால் இருவரும் ஓர் ஆள், ஐவர் நால்வராவர். நால்வர் நிற்க இருபத்துநான்கு விதம். கட்டுக்குள் இருவரும் இடம் மாறலாம், ஆக நாற்பத்தெட்டு. ஐவரும் விருப்பம்போல் நிற்க நூற்றிருபது. அதில் இருவரும் சேர்ந்து நிற்கும் இந்த நாற்பத்தெட்டைக் கழித்தால்...

"எழுபத்திரண்டு!" என்று கூவினார்.

"எனக்கு எழுபத்தொண்ணுதாம்மா. ஒரு வயசைக் கூட்டாதே," என்றார் மாமனார்.

தேர்வில் அதே கணக்கு ஆறு பேரோடு வந்தது. அக்கா எவரையும் நகர்த்தவில்லை. கட்டினார், கழித்தார், நானூற்றெண்பது என்று குறித்தார். மணிக்கு முன்பே பேனாவை மூடிவிட்டார்.

முடிவு கைப்பேசியில் வந்த நாளன்று, நாத்தனாரும் ஓரகத்தியும் அதன்மேல் ஒருசேரக் கவிழ்ந்தார்கள்.

"தள்ளுடி, எனக்கும் தெரியட்டும்!"

"நீ தலையை எடு முதல்ல! ஐயோ, அக்கா பாஸு!"

இருவரும் கட்டிக்கொண்டு குதித்தார்கள். அக்கா மூச்சுக் காட்டாமல் கேமராவை எடுத்தார். அசையாதீங்க என்று சொல்லவில்லை. கல்லூரிக்குப் போகுமுன் அவர் கடைசியாக எடுத்த படம் அது: 8 செப்டம்பர் 2024.