ரவுட்டருக்குள் இருந்த பெயர்

ஃபைஸலின் வலது மணிக்கட்டு இன்றும் நேராக நிற்காது. கற்பிட்டியில் போன் திருத்தும் மனுசனுக்கு அந்தக் கைதான் சோறு.

தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை மன்னாரிலிருந்து விரட்டியதில் உடுத்த உடுப்போடு வந்தபோது அவனுக்கு ஆறு வயது. முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். அதை நினைத்துத்தான் கடைக்கு வைஃபை எடுத்ததும் பாஸ்வேர்டைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தான். நல்ல மனசுதான், ஆனால் சுத்த மடத்தனம்.

கடைக்கு வந்துபோகும் திரேசாவின் புருஷன் பஸ்தியான் சங்கு குளிக்கப் போனவன். படகு முதலாளி ஹஸனின் ஆட்கள் மீனுக்குப் போட்ட வெடியில் தண்ணீருக்கடியிலேயே செத்தான். விபத்து என்று மூடிவிட்டார்கள். திரேசா அந்தப் படகுகள் வெடி போடுவதைப் படம்பிடித்து, ஃபைஸலின் கடைக் கதிரையில் இருந்தபடியே பொய்ப் பெயரில் முகநூலில் போட்டாள்.

ஹஸன் அந்தப் பொய்ப் பெயருக்கு ஒரு லிங்க் அனுப்பினான். பாவி மகள் அதே கதிரையில் இருந்து அதைத் தொட்டாள். தொட்டதும் அந்த இணைய லைனின் ஐபி எண் அவனிடம் போய்விட்டது. பிறகு அவன் ஊரிலுள்ள வைஃபை ஒவ்வொன்றிலும் தன் போனை இணைத்து எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஃபைஸலின் கடை வாசலில் அதே எண் வந்தது.

ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு ஹஸன் மூன்று பேருடன் உள்ளே நுழைந்தான்.

"ஆருடா போட்டது?"

"ஊரே பாவிக்கிற லைன் ஹஸன் நானா. எனக்கு என்னண்டு தெரியும்?"

முதல் அடியிலேயே பல் தெறித்தது. தலைமயிரைப் பிடித்துக் கண்ணாடி அலுமாரியில் மோதினார்கள். நெற்றி கிழிந்து இரத்தம் கண்ணை மறைத்தது.

"ரவுட்டரைக் கழட்டுங்கடா. எந்தெந்தப் போன் எண்டு அதுக்குள்ள கிடக்கும்."

அப்போதுதான் ஃபைஸலுக்கு ரவுட்டருக்குள் இருக்கும் போன் பட்டியல் நினைவுக்கு வந்தது. திருத்த வரும் போனுக்கெல்லாம் ஆள் மாறாமலிருக்க போனின் பெயராக உரியவரின் பெயரையே போட்டுவிடுவது அவன் பழக்கம். திரேசாவின் பெயர் அந்தப் பட்டியலில் பளிச்சென்று கிடந்தது.

பாய்ந்து சுத்தியலை எடுத்து ரவுட்டரைத் தூள் தூளாக்கினான். ஹஸன் அதே சுத்தியலைப் பறித்து, அவன் கையை மேசையில் வைத்து அழுத்தச் சொன்னான்.

"பேரைச் சொல்லு."

சொல்லவில்லை. மூன்று அடியில் எலும்பு நொறுங்கியது.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்கு வந்த திரேசா போனை நீட்டினாள். பொய்ப் பெயரில் இருந்த முகநூல் பக்கத்தில் இப்போது அவளுடைய சொந்தப் பெயரும் முகமும் இருந்தன.

"இந்தப் பேருக்காகத்தானே தங்கச்சி கையைக் குடுத்தேன்?"

"அதாலதான் நானா. இனி ஆரையும் அடிச்சுக் கேக்கத் தேவையில்லை."

"ஹஸன் பாத்துட்டானா?"

"ஓம். என்ட வீட்டைக் கொளுத்திப்போட்டான்."