ஆதரியின் வேலை

ஜாரியா நிலக்கரிச் சுரங்கத்தில் கூடை தூக்கும் பெண்களை வீட்டுக்கு அனுப்பக் கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. தாய் வேலையை விட்டால் அது மகனுக்கு. எங்கள் சங்கத்து ஆண்களே மிட்டாய் கொடுத்துக் கொண்டாடினார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

எதிர்த்து நின்றவள் ஆதரி பௌரி மட்டும்தான். மேஸ்திரி ஒருத்தியை அறைந்தபோது எங்களை லாரிகளுக்கு முன்னால் உட்கார வைத்தவள். வீடு வீடாக வந்தாள். "வேலைய எழுதிக்குடுத்துக் கைநாட்டு வச்சீங்கன்னா, நாளைக்கு மருமக ஊத்துற கஞ்சிக்குக் கையேந்தி நிக்கணும்டி" என்றாள். ஒருத்தியும் வைக்கவில்லை.

அவள் மகன் நிதாய்க்குத்தான் பொறுக்கவில்லை. "ஆத்தா சம்பாதிக்கிறா, தடியன் உக்காந்து திங்கிறான்னு சிரிக்கிறானுங்கம்மா."

"சிரிக்கட்டும். சோறு எறங்கலையா உனக்கு?"

அவன் கைவிடப்பட்ட சுரங்கத்தில் திருட்டுக்கரி வெட்டப் போனான். வேலையில்லாத பையன்களுக்கு இங்கே அதுதான் பிழைப்பு. மழையில் மேல்மண் சரிந்தது. இப்படிச் செத்தால் உடலை உடனே தூக்கிக்கொண்டு ஓடிவிடுவோம். பிடிபட்டால் வீட்டார்மேல் திருட்டு வழக்கு, கம்பெனி வேலையும் காலி. நிதாயைத் தோண்டி எடுப்பதற்குள் காவலர்கள் வந்துவிட்டார்கள்.

அவள்மேல் கறுவிக்கொண்டிருந்த மேனேஜர் ஆளனுப்பி அவளை வரவழைத்தான்.

"உன் பையன்தானே?"

ஆதரி குனிந்தாள். அவன் முகமெல்லாம் கரி. துடைக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள். அவளை விரட்டிவிட்டால் அடுத்து எங்களை விரட்டுவது சுலபம். அவளுக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

"யாருன்னு தெரியலீங்க."

"நல்லாப் பாரு. உன் புள்ளைன்னா எடுத்துட்டுப் போய் எரி. இல்லேன்னா அநாதைப் பொணம்."

"எம் புள்ள இல்ல."

போலீஸ் வண்டி அவனை ஏற்றிக்கொண்டு போனது. எங்கே எரித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அழக்கூட இல்லை, அழுதால் மாட்டிக்கொள்வாளே.

எங்களுக்காகத்தான் சொன்னாள், பாவி. ஆனால் அதற்குப்பின் எவளும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்னவில்லை. "பெத்ததையே இல்லேன்னவ, நம்மளையா காப்பாத்துவா?" என்றாள் பக்கத்து வீட்டு மாலோதி. அந்த வாரமே எல்லாரும் மகன்களைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்க் கைநாட்டு வைத்தோம். நானும்தான். எனக்கும் மகன் இருக்கிறான், அவனும் அந்தக் குழிக்குள் போயிருப்பான்.

ஆதரி மட்டும் இன்னும் கூடை தூக்குகிறாள். வேலையை எழுதிக்கொடுக்க அவளுக்குப் பிள்ளை இல்லை.